மேடைக்குப் பின்னால் ஒரு ஷட்டர்

பெரும்பாக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த இசையரங்கத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. பூச்சு இல்லாத கான்கிரீட், விசிறிபோல மடிந்து மடிந்து போகும் கூரை. கோபுரமும் கிடையாது, சிலையும் கிடையாது. "தண்ணி டேங்க் கட்றாங்களா?" என்று கேட்டார்கள். அதை வடிவமைத்த மெஹ்ரீன் அசரவில்லை. தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள். முதல் பெரிய வேலை சொந்த ஊர்ப்பக்கமே கிடைத்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சண்டை வந்தது மேடையின் பின்பக்கத்தால். அங்கே அவள் சுவர் வைக்கவில்லை; மேடை அகலத்துக்கு இரும்பு ஷட்டர் வைத்திருந்தாள். அதை ஏற்றினால் மைதானம். மைதானத்துக்கு அப்பால், நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்களின் அடுக்குமாடிகள். உள்ளே கேட்கிற பாட்டை அவர்கள் வெளியே உட்கார்ந்து கேட்கலாம்.

நிலம் கொடுத்து அரங்கத்தைக் கட்டும் ஜெயவேலு ஒருநாள் சைட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? டிக்கெட் வாங்கறவன் ஏமாளியா? அங்க செவுரு வெச்சிடு."

"பிளான்லயே காட்டினேனே சார். சரின்னீங்களே."

"அப்ப ஏதோ பின்வாசல்னு நெனச்சேன்."

எஞ்சினியர் உமேஷ் அவளைத் தனியே அழைத்தான். "சுவர் வெச்சா எதிரொலி வரும், கச்சேரி கெட்டுடும்னு சொல்லிடுங்க மேடம். நம்பிடுவாரு."

"பொய் எதுக்கு?" என்றவள் நேராக ஜெயவேலுவிடம் வந்தாள். "சார், அந்த ஷட்டர் அவங்களுக்காகத்தான். வேற காரணமே இல்ல. அதை அடைச்சீங்கன்னா, வேலை முடிஞ்சதுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஜெயவேலு வேறு ஆள் தேடினார். பாதியில் புகுந்து அவள் வேலையில் கைவைக்க யாரும் வரவில்லை. திறப்பு விழா நெருங்கிவிட்டதால் ஷட்டர் தப்பியது. ஆனால் கல்வெட்டில் அவள் பெயர் இல்லை. அழைப்பும் இல்லை. ஷட்டரை ஏற்றக் கூடாதென்று உத்தரவு.

விழாவுக்கு அவள் அழைப்பில்லாமலே வந்தாள். பாடகி அனுப்பிரியா முதல் பாட்டை முடித்ததும் மெஹ்ரீன் விடுவிடுவென்று மேடையேறி ஷட்டரின் சங்கிலியை இழுத்தாள். கடகடவென்று ஷட்டர் ஏற, சாயங்கால வெயில் மேடையில் விழுந்தது. மைதானத்தில் கிரிக்கெட் ஆடியவர்கள் அப்படியே நின்றார்கள்.

"யாரு உன்ன தொறக்கச் சொன்னது?" முன்வரிசையிலிருந்து ஜெயவேலு கத்தினார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் தொறந்தேன்."

அனுப்பிரியா ஒரு கணம் தயங்கினார். பிறகு இரண்டு பக்கமும் முகம் தெரியும்படி திரும்பி உட்கார்ந்து, அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

அடுத்த மாதக் கச்சேரிக்கு ஜெயவேலு ஷட்டரைப் பூட்டியே விட்டார். மெஹ்ரீனை வாசலிலேயே தடுத்தார்கள். அவள் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். அங்கே பாய் விரித்துப் பெருங்கூட்டம் காத்திருந்தது. உள்ளே பாட்டு ஆரம்பித்தும் ஷட்டர் ஏறவில்லை. பூ விற்கும் பியூலா எழுந்துபோய் உள்ளங்கையால் தட்டினாள்.

"அண்ணா, நாங்க வந்துகீறோம்! தொறங்க!"

பின்னாலேயே இன்னும் பல கைகள். மெஹ்ரீனும் தட்டினாள். இரும்பு அதிர்ந்ததில் உள்ளே பாட்டு நின்றுபோனது. பூட்டு கழலும் சத்தம் கேட்டது. ஷட்டர் ஏறியபோது சாவியோடு நின்றவர் ஜெயவேலுதான்.

"கேட்டுத் தொலைங்க. ஆனா சத்தம் வரக் கூடாது."

"கை தட்டுவோம்ணா," என்றாள் பியூலா, பாயை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.