முக்கோணம் இல்லாத தேர்வு

குளிர்பதனக் கிடங்கில் அவள் ஷிப்ட் மேனேஜர். பதினான்கு வருஷமாக நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பவள். அடுத்த பதவிக்கு எம்.பி.ஏ. வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எம்.பி.ஏ.வுக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நாத்தனார் எப்போதோ படித்த புத்தகத்தைக் கணவர் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். தலையணை கனம்.

மூன்று மாதம் சாப்பாட்டு இடைவேளையில், விறைத்த விரல்களை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, முக்கோணமும் வட்டமுமாகப் போட்டுத் தள்ளினாள். ஞாயிறுதோறும் அரைமணியில் ஒரு கட்டுரை. வாக்கியப் பிழை திருத்தம் வேறு, முந்நூறு.

பதிவு செய்யத் தம்பியைக் கூப்பிட்டாள். மடிக்கணினியைத் திறந்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

"அக்கா, கட்டுரையெல்லாம் எடுத்துட்டாங்க. இப்ப மூணே பகுதி. கணக்கு, படிச்சுப் புரிஞ்சுக்கறது, தரவு. ஒவ்வொண்ணும் முக்கால் மணி நேரம்."

"வாக்கியத் திருத்தம்?"

"இல்ல."

"முக்கோணமாவது இருக்காடா?"

தம்பி திரையை உருட்டினான். உருட்டிக்கொண்டே இருந்தான். "வடிவியலே இல்லக்கா."

புத்தகம் சோபாவில் போய் விழுந்தது. அங்கே உட்கார்ந்திருந்த கணவர், "பழைய புத்தகம்னு நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் புத்தகத்தை எடுத்து மறுபடி தூசி தட்டினார்.

புதிய பாடத்தில் பயிற்சி தொடங்கியபோது தரவுப் பகுதி அவளைப் பாடாய்ப் படுத்தியது. தொட்டியில் எத்தனை லிட்டர் என்று ஒரு கேள்வி, கீழே இரண்டு தகவல். பத்து நிமிஷம் போராடி இருநூற்று நாற்பது என்று கண்டுபிடித்தாள். கொடுத்திருந்த ஐந்து விடைகளில் அது இல்லை.

"விடை வேணாம்கா. இந்தத் தகவலை வச்சுக் கண்டுபிடிக்க முடியுமான்னு சொன்னாப் போதும்."

"அதான் கண்டுபிடிச்சே காட்டிட்டேனே! அப்புறம் என்ன முடியுமா முடியாதான்னு?"

"அப்ப முடியும்னு போடு."

"இதை எவன்டா யோசிச்சான்?"

தேர்வு நாளில் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். கைக்குட்டையை உதறிக் காட்டச் சொன்னார்கள். கணக்கு நன்றாகவே போயிற்று. தரவுப் பகுதியில் ஓர் அட்டவணை வந்து மாட்டியது. பதில் போடாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. பிறகு திரும்பி வரலாம், ஆனால் மூன்று பதில்களைத்தான் மாற்றலாம். அவளோ எண்ணிக்கை சரியாகாமல் ஒரு லாரியைக்கூட வெளியே விட்டதில்லை. அட்டவணையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். எட்டு நிமிஷம் போயிற்று. நேரம் முடிந்தபோது கடைசி நாலு கேள்விகளை அவள் பார்க்கவே இல்லை.

மதிப்பெண் அங்கேயே திரையில் வந்தது. கல்லூரி கேட்டதற்குக் கொஞ்சம் கீழே.

வெளியே தம்பி காத்திருந்தான். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். "பதினாறு நாள் கழிச்சு மறுபடி எழுதலாம்கா."

"பேசாம வண்டியை எடு."

மறுநாள் தம்பிக்கு அவளே போன் செய்தாள். "அந்தத் தேதியைப் போட்டு வை."

இந்தத் தடவை படிப்பதைக் குறைத்துக்கொண்டு, விடுவதைப் பழகினாள். செல்போனில் இரண்டு நிமிஷம் வைத்து, மணி அடித்ததும் எதையாவது தட்டிவிட்டு நகர்ந்தாள். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான். தெரிந்தே தப்பாகப் போடுவது அவளுக்குப் பழக்கமே இல்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "விடுக்கா, விடுக்கா" என்றான். ஒருநாள், "இன்னொரு தடவை சொன்னே, உன்னைத்தான் விடுவேன், ஒரு அறை" என்றாள்.

இரண்டாம் தடவை ஐந்து கேள்விகளைக் குருட்டாம்போக்கில் தட்டினாள். எல்லாப் பகுதியும் முடிந்தது. திரையில் வந்த எண்ணை மூன்று தடவை படித்தாள். கேட்டதைவிட அதிகமாகவே இருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தாள்.

"வந்துருச்சுங்க."

"அடடே! அப்புறம் ஏன் அழறே?"

"அழலை. எரிச்சல். அஞ்சைக் குருட்டாம்போக்குல தட்டினப்பதான் மார்க் குடுக்கறானுங்க" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.