தலையோடு ஒரு கெண்டை

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு ஏரியின் கிழக்குத் துறையிலிருந்து புறப்பட்ட பயணிகள் படகு, மறுகரையை எட்டுமுன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூழ்கியது. அதில் சென்றவர்களுள் பத்துப் பேர் மாண்டனர். ஒன்பது பேரின் உடல்கள் அந்த வாரத்துக்குள் கிடைத்தன. பத்தாமவர் படகில் பயணச்சீட்டுக் கொடுக்கும் சீட்டுக்காரர். ஏரியின் நடுவில் ஆழம் மிகுதி. அடியில் பாசி ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. அவர் உடல் மட்டும் கிடைக்கவில்லை.

அதன்பின் ஊரார் ஏரி மீன் வாங்குவதை நிறுத்திக்கொண்டனர். கூடிப் பேசி எடுத்த முடிவன்று அது. முதல் வாரம் துக்கத்துக்காக வாங்கவில்லை. இரண்டாம் வாரம் அடுத்த வீட்டார் வாங்கவில்லை என்பதற்காக வாங்கவில்லை. அதற்கு மேல் வாங்கவே கூசியது. சந்தைக்கு வருவோர் விலையைக் கேட்குமுன் "ஏரியா, கடலா?" என்று கேட்கத் தொடங்கினர். "கடல்" என்றால் நின்றனர். "ஏரி" என்றால் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகர்ந்தனர். காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீருக்கடியில் ஒருவர் கிடக்கிறார். அந்த நீரில் மேய்ந்ததை எப்படித் தட்டில் வைப்பது?

கடலோ அந்த ஊருக்கு வெகு தொலைவு. அங்கிருந்து லாரியில், பனிக்கட்டிக்கு நடுவில் வந்த மீனை அவ்வூரார் முன்பெல்லாம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. "செத்து நாலு நாளானதைக் காசு கொடுத்து வாங்குவாங்களா?" என்று ஏளனம் செய்தவர்களே இப்போது கண் பூத்துப்போன அந்த மீனுக்கு வரிசையில் நின்றார்கள். செத்து நாலு நாள் என்ற பேச்சை மட்டும் எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

சீட்டுக்காரரின் மனைவி தையற்காரி. சந்தையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் செவுளம்மா. இடக்கைப் பெருவிரலால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அவள் ஒரு மீனையும் வாங்கியதில்லை. செவுள் மாதுளை முத்தின் நிறத்தில் இருக்கவேண்டும். சதையில் விரலை அழுத்தி எடுத்தால் குழி உடனே மேலெழவேண்டும். கண் துருத்திக்கொண்டு நிற்கவேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மீனை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள். அவள் பைக்குள் எட்டிப் பார்த்து, அதே கடையில் அதே மீனைக் கேட்டு வாங்குவோர் பலர். "எம் பொண்டாட்டியைப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போயிடாதீங்கய்யா, காதைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவா!" என்று சீட்டுக்காரர் படகிலேயே சொல்லிச் சிரிப்பார்.

விபத்துக்குப் பின் அவள் சந்தைப் பக்கம் போகவே இல்லை. அவளும் மாமியாரும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனாரும் இருந்த அந்த வீட்டில் மூன்று பேருக்கு நான்கு தட்டுகள் எடுத்துவைக்கப்பட்டன. விளிம்பு நெளிந்த நான்காவது தட்டு சீட்டுக்காரருடையது. ஒவ்வொரு வேளையும் மாமியார் அதை அலமாரியிலிருந்து எடுத்து வைப்பார். ஒன்றும் பரிமாறாத அத்தட்டைச் சாப்பாட்டுக்குப் பின் மருமகள் மற்ற தட்டுகளோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்ப்பாள். அதைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசியதில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் முற்பகல், சந்தையின் மூலைக் கடை மீன்காரி தையற்காரியைத் தேடி வந்தாள். சனிக்கிழமைதோறும் தையற்காரி மீன் வாங்கியது அவளிடந்தான்.

"என்னக்கா, இந்தப் பக்கம்?"

"மேலங்கி கிழிஞ்சு போச்சு. தச்சுக் குடு."

தையற்காரி துணியைப் புரட்டிப் பார்த்தாள். "இது கிழிஞ்சது இல்லக்கா. கத்தியால அறுத்தது."

"உன் கண்ணுல எதுதான் தப்பும்?" மீன்காரி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது தங்கச்சி. நீ ஒரே ஒரு தடவை வந்து என் கடையில நில்லு. ஒரு மீனை வாங்கிட்டுப் போ. நீ வாங்கினா ஊரே வாங்கும்."

தையற்காரி சக்கரத்தின்மேல் கையை வைத்து எந்திரத்தை நிறுத்தினாள்.

"கெண்டை பாசியையும் புழுவையும் திங்கற மீனு. அது மனுசனைத் தொடாது," என்றாள் மீன்காரி. "எங்க வீட்டுக்காரரு பொறந்ததுலேர்ந்து அந்தத் தண்ணியில கெடக்கறவரு. அவரு சொல்றாரு."

"எனக்கு மட்டும் தெரியாதாக்கா? தெரியறது வேற, தொண்டையில எறங்கறது வேற."

"அந்த வாரம் பூரா அவரு மீனுக்கு வலை போடல. உன் வீட்டுக்காரருக்குத்தான் போட்டாரு." சொன்ன பிறகே சொன்னது உறைத்தது போலும், மீன்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லிக்காட்டணும்னு சொல்லல."

"தெரியும்க்கா." தையற்காரி கிழிசலின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தாள். "வீட்டுல அத்தை இன்னும் அவருக்குத் தட்டு வைக்கறாங்க. நான் ஏரி மீனோட வாசப்படி ஏறினா, அவரு இனி வரமாட்டாருன்னு நானே கதவைச் சாத்தின மாதிரி ஆயிடும். அதை மட்டும் என்னால செய்ய முடியாது."

மேலங்கியைத் தைத்து முடித்து மடித்துக் கொடுத்தாள். வாசல்வரை சென்ற மீன்காரி திரும்பி, "அப்ப நாங்க என்னதான் பண்றது, சொல்லு?" என்றாள்.

விடையை மீன்காரர்களே தேடிக்கொண்டனர். ஆடு நனைகிறதே என்று அழ அவர்கள் ஓநாய்களும் அல்லர். அடுப்பெரியவேண்டிய வீடுகள் உடையவர்கள். சந்தையில் சிறுகச் சிறுக முழுமீன் மறைந்தது. தலையை நறுக்கி, தோலை உரித்து, சதையைத் துண்டு போட்டுப் பனிக்கட்டியின்மேல் பரப்பி, "கடல் மீன்" என்று விற்றனர். செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. வாங்குபவர் எதைப் பார்த்து எதைக் கேட்பது? வாங்கியவர்களும் கேட்கவில்லை. தூங்குபவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது. ஊரில் பாதிப் பேர் அப்படி நடித்தார்கள்.

தையற்காரிக்கு இது தெரியாது. அவளுடைய கவலையெல்லாம் மாமியாரைப் பற்றியது. கிழவியின் வளையல் முழங்கைவரை ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்குவதில்லை. மருத்துவர் மருந்தெழுதவில்லை, "சாப்பிட வைங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கிழவி, தானாகவே, "மீன் இருந்தா ரெண்டு வாய் திம்பேன்," என்றார். உடனே, "கடல் மீனா இருக்கணும்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

நாத்தனார் மருந்துக்கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சந்தைக்கு ஓடினாள். தையற்காரி தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே சென்றிருந்தாள். அவள் திரும்பியபோது சமையல் முடிந்து மூவரும் உட்காரவேண்டிய நேரம்.

"கடல் கொடுவா அண்ணி. தோலுரிச்சு, தலையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டாங்க. எனக்கு வேலையே இல்ல," என்றாள் நாத்தனார்.

"தலை எங்க?"

"இப்பல்லாம் தலையோட யாரும் விக்கறதில்லையாம்."

மாமியார் வழக்கம்போல் நான்காவது தட்டை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். உண்ணத் தொடங்கினார். முதல் கவளம், இரண்டாவது, மூன்றாவது. நாத்தனார் அண்ணியைப் பார்த்துக் கண்களாலேயே சிரித்தாள். மார்ச் மாதத்துக்குப் பின் அந்த வீட்டில் கண்ட முதல் சிரிப்பு அது. கிழவி இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் தையற்காரியின் நாக்கில் ஒரு முள் தட்டுப்பட்டது. அதை விரலால் எடுத்துப் பார்த்தாள். நூலளவு மெல்லிய முள்; நுனியில் இரண்டாகப் பிரிந்த கவட்டை முள். கொடுவாச் சதையில் அப்படியொரு முள் கிடையாது. அது கெண்டையின் முள். அவள் வாழ்நாளெல்லாம் தின்று, கணவருக்கு ஆய்ந்து கொடுத்து, நன்கு அறிந்த ஏரிக் கெண்டையின் முள்.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். சொன்னால், இத்தனை நாளுக்குப் பின் உண்ணும் கிழவியின் கை நின்றுவிடும். ஒருவேளை இனி எப்போதுமே நின்றுவிடும். சொல்லாவிட்டால், பெற்றவளுக்கு மகன் கிடக்கும் தண்ணீரின் மீனை ஊட்டிவிட்டு அதை மறைத்தவளாவாள். முள்ளை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். வாயில் இருந்ததை விழுங்கினாள். கிழவிக்கு இன்னும் சோறு வேண்டுமா என்று பார்க்கத் திரும்பினாள்.

மாமியாரின் தட்டோரத்தில் மூன்று கவட்டை முட்கள், ஒன்றையொன்று தொடாமல், வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

தையற்காரி அவற்றையே பார்ப்பதைக் கிழவி பார்த்தார்.

"முதல் முள்ளுலயே தெரிஞ்சுது," என்றார், குரலை உயர்த்தாமல். "எழுந்து கையைக் கழுவணும்னுதான் நெனச்சேன்." சிதறிய சோற்றைத் தட்டின் நடுவே சேர்த்தார். "பசிச்சுதும்மா."

நாத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணி கையைத் திறந்து காட்டியபோதுதான் விளங்கியது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "கடல் மீனுன்னு சத்தியம் பண்ணாங்களே! மூலைக் கடை அக்காதான் அண்ணி, உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னுதானே போனேன்!" கொல்லைப்புறம் ஓடி வாய் கொப்பளித்தாள். கொப்பளித்துவிட்டும் அவள் அழுகை நிற்கவில்லை.

"எங்கிட்ட முள்ளை மறைக்கணும்னு தோணலையா அத்தை?"

"மறைக்க நெனச்சேன். எங்க மறைக்கறது? எம் புள்ள கட்டிக்கிட்டது செவுளம்மாவையாச்சே." கிழவியின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்லுமுன் அது நேராகிவிட்டது.

தையற்காரி நான்காவது தட்டைப் பார்த்தாள். "தினமும் இதை வைக்கறீங்களே."

"வைக்கலைன்னா நீ என்ன நெனப்பியோன்னு வச்சேன்."

"நீங்க வைக்கறீங்களேன்னுதான் நானும் கழுவிக் கவுத்தேன்."

கிழவி தட்டிலிருந்த கடைசிக் கவளத்தை உருட்டினார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "அவன் நல்லா நீந்துவான்," என்றார். "நல்லா நீந்தறவன் கரைக்கு வந்திருக்கணும்." பிறகு அந்தக் கவளத்தை உண்டார். மருமகள் அவர் தோளைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தாள். கொல்லைப்புறத் தண்ணீர்ப் பானையருகே நாத்தனாரின் விசும்பல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் தையற்காரி பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். சிமெண்டு மேடைகளில் பனிக்கட்டி உருகி ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் பேரம் பேசியவர்களின் குரல்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. மூலைக் கடையின் முன் நின்றாள். மீன்காரியின் கத்தி பலகையின்மேல் அப்படியே நின்றது.

"தலை எங்கக்கா?"

மீன்காரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்க அத்தைக்குக் கடல் மீனுன்னு சொல்லிக் குடுத்திருக்கீங்க."

"அவங்களுக்குன்னு தெரியாது தங்கச்சி. உன் நாத்தனாரை இதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்ல. சத்தியமா—"

"சத்தியம் வேணாம். அதான் ஏற்கெனவே ஒண்ணு பண்ணிட்டீங்களே." பக்கத்துக் கடைக்காரன் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைக் கண்டு மூடிக்கொண்டான். "ஏரி மீனுன்னு சொல்லியிருந்தா எங்க வீட்டுல வேணாம்னு சொல்லியிருப்போம். இல்ல, வேணும்னு சொல்லியிருப்போம். அதைச் சொல்ல வேண்டியவங்க நாங்க. நீங்க இல்ல."

"ஆமா," என்றாள் மீன்காரி. "ஆமாம்மா." முன்றானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மீனின் செதிள் ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"முழு மீன் இருக்கா?"

மீன்காரி குனிந்து, மேடைக்கு அடியில் ஈரச் சாக்கு போர்த்திய கூடையை வெளியே இழுத்தாள். காலையில் வலையிலிருந்து வந்தவை. நறுக்க மறைத்து வைத்தவை. தையற்காரி ஒரு கெண்டையை எடுத்தாள். இடக்கைப் பெருவிரல் செவுளைத் தேடிப் போய், அதன் அருகில் சற்று நின்றது. பிறகு தூக்கியது. உள்ளே மாதுளை முத்துப்போல் சிவந்திருந்தது. சதையை அழுத்தினாள், குழி மேலெழுந்தது. கண்ணைப் பார்த்தாள். மீனின் கண்ணை அவள் அவ்வளவு நேரம் பார்த்து எவரும் கண்டதில்லை.

பின்னாலிருந்து ஒருவர், வழக்கத்தால் கேட்டுவிட்டார்: "ஏரியா, கடலா?"

கேட்டவர் கேட்டதும் வெட்கினார். மீன்காரி தையற்காரியைப் பார்த்தாள். தையற்காரி திரும்பவில்லை.

"உங்களைத்தான் கேக்கறாங்க. சொல்லுங்கக்கா."

"ஏரி," என்றாள் மீன்காரி. அச்சொல் சந்தையின் மறுகோடிவரை கேட்டது.

"எடை போடுங்க. தலையை எடுக்காதீங்க. சும்மா குடுக்கற வேலையும் வேணாம்."

அன்று அவள் பைக்குள் எட்டிப் பார்த்தவர்களுள் சிலர் கெண்டை வாங்கினர். சிலர் வாங்காமல் போயினர். அவள் எவரையும் பார்க்கவில்லை.

முடிவானவை இவை. அந்த மாதத்துக்குள் சந்தைக்காரர்கள் கூடி, முழுமீனைத் தலையோடு வைத்தே விற்பது என்றும், எந்த நீரின் மீன் என்பதைக் கேட்குமுன்பே சொல்லிவிடுவது என்றும் ஒப்புக்கொண்டனர். தையற்காரியும் மாமியாரும் ஒன்றாகப் படகுத்துறை அலுவலகத்துக்குச் சென்று, இனி சீட்டுக்காரரை எதிர்பார்க்கவில்லை என்று தெரிவித்தனர். விளிம்பு நெளிந்த தட்டைத் தூர எறியவில்லை. மாமியார் அதிலேயே உண்பது என்று முடிவாயிற்று. சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் ஏரி மீன் சமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் மார்ச் மாதம் முழுவதும் மீனே வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தனர். நாத்தனாரால் மட்டும் உண்ண முடியவில்லை. அவளுக்குத் தனியாகக் காய் சமைப்பது என்றும், உண்ணச் சொல்லி எவரும் அவளை வற்புறுத்துவதில்லை என்றும் தீர்மானித்தார்கள்.