பூவாளியின் மூக்கு

மேகமே இல்லாத வானத்திலிருந்து மழையை இறக்கிக் காட்டுகிறேன், அதுவும் ஒரே ஒரு ஆள் தலையில் மட்டும் இறக்குகிறேன், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு துளி தெறிக்காது என்று அக்கா சொன்னபோது, சாப்பாட்டு மேசையில் இருந்த அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். தம்பியின் மனைவி கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. மேசைக்கடியில் படுத்திருந்த பூனைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது நமக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று மறுபடி சுருண்டுகொண்டது.

தம்பி மட்டும் சிரித்தான். அவன் சிரிப்பது சாதாரணச் சங்கதி இல்லை. தலை பாதி நரைத்துப்போன அவன் வாழ்க்கையில் சிரித்த முகத்துக்குச் சாட்சியாக ஒரே ஒரு படம் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது. அதுவும் கேமராக்காரர் கால் தடுக்கி விழும்போது தானாக எடுபட்டது. குடிநீர்த் துறையில் ஆய்வாளர். கட்டி முடித்த ஒவ்வொரு தொட்டியையும் அவன் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தண்ணீர் வீடுகளுக்குப் போகும். அவன் சட்டையின் இஸ்திரி மடிப்பில் காய் நறுக்கலாம். அந்த மடிப்பைவிடக் கூர்மையானது அவனுடைய இன்னொரு பெருமை: கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்றோ, பார்த்ததைப் பார்க்கவில்லை என்றோ அவன் வேலையில் ஒரு நாளும் சொன்னதில்லை.

அக்காவோ தொட்டி கட்டுகிறவள். ஊர் உலகமெல்லாம் நாலு கால்மேல் ஒரு பீப்பாயைத் தூக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடும். அவளுக்கு அது பொறுக்காது. காலையில் கண்ணைத் திறந்ததும் ஒரு குடியிருப்பே அண்ணாந்து பார்க்கப்போகிற பொருள், பார்க்கிற மாதிரி இருக்கவேண்டாமா என்பது அவள் கட்சி. நூல் ஆலைத் தொழிலாளர்களுக்கு நூல்கண்டு மாதிரி ஒரு தொட்டி நிறுத்தினாள். அதன் மேல் ஏறி நுனியைத் தேடிய காக்கைகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பம்பரம் மாதிரி கட்டினாள். அது சுற்ற ஆரம்பித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தீர்மானமாகும்வரை பள்ளிக்கு வரமாட்டோம் என்று பிள்ளைகள் ஒரு வாரம் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பிள்ளைகளைவிட ஆசிரியர்கள்தான் இந்த வாதத்தை உறுதியாக ஆதரித்தார்கள் என்றும் கேள்வி.

இப்போது கட்டி நிற்பது செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பூவாளி. நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்களின் குடியிருப்பு அது. உங்களுக்கு எந்த வடிவத்தில் தொட்டி வேண்டும் என்று அக்கா கூட்டத்தில் கேட்டபோது, அங்கிருந்த பெண்கள் யோசிக்கவே இல்லை. கையில் வைத்திருந்ததைத் தூக்கிக் காட்டினார்கள். ஆகவே மூன்று மாடி உயரத்தில், பச்சை வண்ணம் பூசின ஓர் இரும்புப் பூவாளி. பின்னால் வளைந்த கைப்பிடி இருக்கிறதே, அதற்குள்தான் மேலே ஏறுகிற ஏணி. முன்னால் சாய்வாக நீண்ட மூக்கு. மூக்கின் நுனியில், ஒரு கட்டில் அகலத்துக்கு, துளை போட்ட சல்லடை.

சண்டை அந்த மூக்கில்தான் வந்தது.

எந்தத் தொட்டியிலும் தண்ணீர் நிரம்பினால் வெளியேற ஒரு குழாய் வேண்டும். எல்லாரும் அதைத் தொட்டியின் காலோடு ஒட்டிக் கீழே இறக்குவார்கள். அக்கா அந்தத் தண்ணீரை மூக்கு வழியாக விட்டுவிட்டாள். பம்பை நிறுத்த மறந்தால் பூவாளி தானே பூந்தோட்டத்துக்குத் தெளிக்கும், ஒரு சொட்டும் வீணாகாது என்பது அவள் கணக்கு. தம்பி வரைபடத்தைப் பார்த்த நாளிலிருந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். சாய்ந்த குழாய்க்குள் காற்று சிக்கிக்கொள்ளும், தண்ணீர் மூக்கை எட்டிப் பார்க்காது, மேல்மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு பின்பக்கம் வழியும், நேரே பம்பு அறையின் மின்பலகை மேல் விழும், அப்புறம் குடியிருப்பே இருட்டு என்று அடுக்கினான். மூக்கை அறுத்துவிட்டு ஒழுங்கான குழாய் வைத்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை. இதற்கே கையெழுத்து இல்லையென்றால், அக்காவிடம் படம் வரைந்து வாங்கிவிட்டுக் காத்திருக்கிற இன்னும் மூன்று குடியிருப்புகளுக்கும் பீப்பாய்தான் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை, அவளுக்குத் தெரியும். மூக்கறுந்த பூவாளியை அண்ணாந்து பார்க்கிற பண்ணைப் பெண்களிடம் என்ன சொல்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் அக்கா மழை இறக்குகிறேன் என்று வாயை விட்டாள்.

"சரி, இறக்கு," என்றான் தம்பி. "வியாழக்கிழமை மத்தியானம் தொட்டியை நிரப்பு. மூக்கு வழியா தண்ணி வர்றதை நான் என் கண்ணால பாத்தா கையெழுத்துப் போடறேன். வரலைன்னா வெல்டரும் கிரேனும் அங்கேயே தயாரா நிக்கணும்க்கா. அப்பவே அறுத்துடணும். நாளைக்குப் பாக்கலாம்ங்கிற பேச்சே வேண்டாம்."

"நிக்கட்டும்டா. அவங்களும் வேடிக்கை பாக்கட்டும்."

"அண்ணி, கொஞ்சம் சோறு போட்டுக்கோங்க," என்று தம்பியின் மனைவி நடுவில் புகுந்து, மழை தன் வீட்டு மேசையிலேயே ஆரம்பித்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமையைத் தம்பி சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அன்று பண்ணைக்காரர்கள் மொத்தமும் சந்தைக்குப் போய்விடுவார்கள். கூட்டம் சேர்ந்தால் ஒரு சொட்டுக்கே கைதட்டி ஆய்வைக் குழப்பிவிடும் என்பது அவன் அனுபவம். ஆகவே அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஐந்தே பேர்: அக்கா, தம்பி, பம்பு ஓட்டுகிறவர், வெல்டர், கிரேன் டிரைவர். வெயிலைக் கணக்கில் சேர்த்தால் ஆறு. அன்றைய வெயில் அப்படி, தனியாக ஒரு நாற்காலி கேட்கிற வெயில். இலை ஒன்று அசையவில்லை.

தொட்டியில் முந்தின நாளே முக்கால்வாசி தண்ணீர் ஏற்றியிருந்தார்கள், தம்பிக்கு அது தெரியாது. பம்பு ஓட ஆரம்பித்தது. வெல்டரும் கிரேன் டிரைவரும் கிரேனுக்கு அந்தப் பக்கம் நிழலில் சாய்ந்தார்கள். சாய்ந்த வேகத்தில் குறட்டை எழுந்தது. பம்பு ஓட்டுகிறவர் அறைக்குள் இருந்தார். அக்கா கைப்பிடிக்குள் புகுந்து ஏணியில் ஏறி, மேல்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டாள். தண்ணீர் எந்த வழி போகிறது என்று அவளுக்கு உள்ளிருந்து பார்க்கவேண்டும்.

கீழே தம்பி தண்ணீர் மட்டம் காட்டுகிற பலகையை ஒரு பார்வை பார்த்தான். இந்தப் பலகையில்தான் விஷயமே இருக்கிறது. பழைய தொட்டிகளில் எல்லாம் உள்ளே ஒரு மிதவை கிடக்கும். அதில் கட்டிய கயிறு மேலே கப்பியில் ஏறி வெளியே இறங்கும்; அந்த முனையில் ஒரு முள். உள்ளே தண்ணீர் ஏறினால் வெளியே முள் இறங்கும். அதாவது முள் அடியில் நின்றால் தொட்டி நிறைந்திருக்கிறது, உச்சியில் நின்றால் காலி. இது துறைக்காரர்களுக்குத் தாய்ப்பால்போல ஊறின பாடம். மற்றவர்களுக்கோ தினமும் தலைவலி. தொட்டி தளும்பிக்கொண்டிருக்கும், காலியாகிவிட்டது என்று குடங்களைத் தூக்கிக்கொண்டு தெருவே ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்த்துச் சலித்துப்போன அக்கா, பூவாளியில் கீழே இன்னொரு கப்பி போட்டுக் கயிற்றைத் திருப்பிவிட்டிருந்தாள். தண்ணீர் ஏறினால் முள்ளும் ஏறும். பலகையின் உச்சியில் "நிறைவு" என்றும் அடியில் "காலி" என்றும் முழ உயர எழுத்தில் எழுதவும் வைத்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் சரியாகப் படித்துவிடுவார்கள். உலகத்திலேயே அதைத் தப்பாகப் படிக்கக்கூடிய ஒரே வகை ஆள், இந்தப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துப் படிப்பதையே விட்டுவிட்ட ஓர் ஆய்வாளன்தான்.

முள் உச்சியை நெருங்கியிருந்தது. சரி, இப்போதுதான் அடி நனைந்திருக்கிறது, பொழுது சாயும்வரை ஆகும் என்று தம்பி முடிவுகட்டினான். உட்கார நிழல் தேடினான். தொட்டிக்கு நேர் அடியில் வால்வுகள் கசகசவென்று கிடந்தன. பொட்டல் தரையில் வட்டமாக, அழகாக, ஒரு கட்டில் அகலத்துக்கு வேறொரு நிழல் விழுந்திருந்தது. உச்சி வெயிலில் நிழல் எதற்கு நேர் கீழே விழும் என்று யோசிக்கவேண்டியவன், தண்ணீர்தான் வரப்போவதில்லையே என்று யோசிக்கவில்லை. மடக்கு நாற்காலியை அங்கே போட்டு, ஷூவைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு, அண்ணாந்து சல்லடையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். வராத தண்ணீரைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

மேலே அக்காவின் கண்முன் தண்ணீர் மூக்கின் துவாரத்தைத் தொட்டது. ஒரு சுழி சுழித்தது. யானை விக்கினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். தண்ணீர் மூக்குக்குள் புகுந்துவிட்டது. அது மட்டும் தெரிந்தது. அந்தக் கோடியில் வெளியே வந்ததா, காற்றில் முட்டிக்கொண்டு நின்றதா என்று பார்க்க அவள் கழுத்தை நீட்டுவதற்குள் பம்பு முனகி அடங்கியது. கரண்ட் போய்விட்டது.

அவள் ஏணியில் இறங்கியது இறக்கமே இல்லை, பாதி வழுக்கல். எல்லாரும் வருவதற்குள் ஓடிப்போய்ப் பார்த்தாள். தம்பி நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. புகழ்பெற்ற அந்தச் சட்டை மடிப்பு உயிரை விட்டிருந்தது. அவன் மூக்கு நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியைச் சுற்றி ஈர வட்டம். அதற்கு ஒரு விரற்கடை தள்ளி அவனுடைய ஷூ தூசியோடு அப்படியே.

"என்னடா ஆச்சு?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை."

"நனைஞ்சிருக்கே."

"வேர்த்துடுச்சு."

"மூக்குக்கண்ணாடிக்குமா?"

"வெயில் அப்படிக்கா."

கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த வெல்டர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இவ்வளவு வேர்க்கக் கூடாது சார். ஒரு நல்ல டாக்டரா பாத்துடுங்க," என்றார் உண்மையான கவலையோடு.

தம்பி எழுந்தான். பலகையைக் காட்டிக் குரலை உயர்த்தினான். முள் உச்சியிலேயே நிற்கிறது, தொட்டி காலியாக இருக்கும்போது தண்ணீர் எப்படி வரும், நீங்களே சொல்லுங்கள் என்றான். போர்டைப் படிடா என்றாள் அக்கா, அவ்வளவுதான். அவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினான். படித்தான். மறுபடி கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி படித்தான். எழுத்து மாறவில்லை.

இன்னொரு தரம் பம்பைப் போட்டால் தீர்ந்தது விவகாரம். ஆனால் ஊருக்கே கரண்ட் இல்லை, சாயங்காலம்வரை வராது என்று பம்பு ஓட்டுகிறவர் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். கிரேன் டிரைவருக்கோ வேறு இடத்தில் வேலை. அறுப்பதானால் இப்போதே, இல்லாவிட்டால் நான் கிளம்புகிறேன் என்று நின்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சு கிடையாது என்று சொன்னவன் தம்பிதான். எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் ஷூ நாடாவைப் பார்த்தான்.

அக்காவுக்கு நாக்கின் நுனிவரை வார்த்தை வந்துவிட்டது. ஈர வட்டத்தைக் காட்டலாம், சட்டையைப் பிழிந்து காட்டலாம். ஆனால் அவனை அவளுக்குத் தெரியும். வாதம் செய்தால் வேர்வை என்று சத்தியமே செய்துவிடுவான். அப்புறம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற ஆயுசு முழுக்க வேர்த்துக்கொண்டே இருப்பான். தவிர, தண்ணீர் வெளியே வந்ததைப் பார்த்தது அவன் மட்டும்தான். அவன் வாயால் வரவேண்டும்.

"ஆய்வாளர் வேர்வைங்கிறார்," என்றாள் அவள். "அவர் பாக்காததைப் பாத்தேன்னும் சொல்லமாட்டார், பாத்ததை இல்லைன்னும் சொல்லமாட்டார். அறுத்துடுங்க."

கிரேனின் கொக்கி உயர்ந்தது. பூவாளியின் மூக்கைச் சுற்றிச் சங்கிலி விழுந்தது. வெல்டர் ஆள் தூக்கும் கூடையில் ஏறி நின்று சுடரைப் பற்றவைத்தார். அது நீலமாகச் சீறியது. தம்பி கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தான். சுடர் பச்சை வண்ணத்தை நெருங்க நெருங்க, மூன்று குடியிருப்புகளும் வரிசையாகப் பீப்பாய்களாக மாறுவது அக்காவின் கண்ணில் தெரிந்தது. இந்தப் பாழாய்ப்போன வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். வண்ணம் ஓரத்தில் லேசாகக் கொப்பளித்தது.

"நிறுத்துப்பா."

அது தம்பியின் குரல்தானா என்று வெல்டருக்குச் சந்தேகம். சுடரை விலக்கிக் கீழே எட்டிப் பார்த்தார்.

"நிறுத்துன்னு சொல்றேன்ல? இறங்கு."

தம்பி ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டான். யாரையும் பார்க்கவில்லை. தூரத்தில் எங்கோ பார்த்தபடி பேசினான். அந்தக் குரலில் ஆய்வாளனும் இருந்தான், அக்காவின் தம்பியும் இருந்தான்.

"வந்துச்சு. மூக்கு வழியாத்தான் வந்துச்சு. காத்தும் அடைக்கலை, பின்னாலயும் வழியலை. சல்லடை அளவுக்குச் சரியா, நேரா வந்துச்சு."

"பாத்தியா?" என்றாள் அக்கா. "இல்ல, நனைஞ்சது மட்டும்தானா?"

"ரெண்டும்தான்," என்றான் தம்பி.