முதல் அங்குலம்

தையல்காரியின் கடையில் ஒரு பலகை தொங்கியது. “இங்கே தைத்தது திரும்பி வந்ததில்லை” என்று அதில் எழுதியிருந்தது. ஏதோ விளம்பரத்துக்குப் போட்டது என்று நினைத்தவர்களுக்கு அவளைத் தெரியாது என்று அர்த்தம். இருபத்தாறு வருஷத்தில் இறுக்குகிறது, தொங்குகிறது, தோள் நிற்கவில்லை என்று ஒரு துணிகூட அவளிடம் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது. கைவேலை செய்து சம்பாதித்த கர்வம், இருந்துவிட்டுப் போகட்டும்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். பின்னறையில் அவளுடைய அண்ணன் இருந்தார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தும் வேலை பார்த்தவர். எழுதிக் கொடுத்த மூலப் பிரதி இடது பக்கம், அச்சான தாள் வலது பக்கம், நடுவில் ஓர் இரும்பு ஸ்கேல். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பார். அவர் பார்த்து அனுப்பிய பக்கத்தில் ஒரு கால் எழுத்து விட்டுப்போயிற்று என்று யாரும் சொன்னதில்லை. குடும்பத்துக்கே இந்த வியாதி உண்டு போலிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, பல் தேய்க்கப் போனவர் குழாயடியில் சாய்ந்தார். உயிர் தப்பியது. வலது கை மட்டும் மார்போடு மடங்கி விறைத்துக்கொண்டது. தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், எழுந்திரு என்றால் எழுந்தார். சட்டை போடும் நேரம் மட்டும் தினமும் சண்டை. அந்தக் கையைத் தூக்கவும் முடியாது, வளைக்கவும் முடியாது.

தையல்காரி ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சட்டை வெட்டினாள். இடுப்பிலிருந்து அக்குள் வழியாக மணிக்கட்டு வரைக்கும் திறக்கும் சட்டை. கட்டிலில் விரித்து, மேலே படுத்து, மடித்து ஒட்டுப் பட்டையை அழுத்திவிட்டால் முடிந்தது. விறைத்த கையை அசைக்கவே வேண்டாம். முதல் நாள் அண்ணன் அதைத் தானே போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்து நின்றார். ஏதோ பேப்பர் தேட வந்தவர் மாதிரி அங்கும் இங்கும் பார்த்தார். தங்கை தலை நிமிராமல் மெஷினை மிதித்தாள். நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பாள்.

விற்கலாம் என்ற யோசனை அவருடையதுதான்.

“ஊசி, இந்தச் சட்டைக்கு அலையுற வீடு ஆயிரம் இருக்கும்” என்றார். சின்ன வயதிலிருந்தே தங்கைக்கு அவர் வைத்த பெயர் அது.

“ஆயிரம் சட்டைய யாரு தைக்கிறது? நானா?”

“நீ ஏன் தைக்கணும்? காகிதத்துல வெட்டி வச்சிருக்கியே, அந்த பேட்டர்னை மட்டும் விப்போம். வாங்குறவங்க டவுன்லோட் பண்ணி, பிரிண்ட் எடுத்து, அவங்க ஊர் டெய்லர்கிட்ட குடுத்துத் தச்சுக்கட்டும்.”

தையல்காரி எட்டு சைஸில் வெட்டிக் கொடுத்த பேட்டர்னையெல்லாம் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஸ்கேன் செய்து கொடுத்தார். செய்முறையையும் அளவு அட்டவணையையும் தையல்காரியின் நோட்டைப் பார்த்து அண்ணனே தட்டச்சு செய்தார், இடது கையின் ஒற்றை விரலால். மூன்று வாரம் பிடித்தது. பிரிண்ட் எடுக்கும்போது சுருங்கிவிட்டதா என்று பார்க்க, முதல் பக்கத்தின் மூலையில் சரியாக இரண்டு அங்குலத்துக்கு ஒரு கட்டம் வைத்தார். கட்டத்தை இரும்பு ஸ்கேலால் நாலு தடவை அளந்தார்.

பிறகு இணையத்தில் ஒரு சந்தையைக் கண்டுபிடித்தார். அங்கே பொருளை வைப்பவர் ஒருவர். தன்னை நம்புகிறவர்களிடம் சொல்லி அதை விற்றுக் கொடுப்பவர் இன்னொருவர். விற்றுக் கொடுப்பவருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பொருளை வைப்பவர் முடிவு செய்யலாம். அண்ணன் பாதிக்குப் பாதி என்று போட்டார்.

“பாதியா!” தையல்காரி வாயைப் பிளந்தாள். “முதுகு ஒடிய வெட்டுனது நானு, வாயால சொல்றவங்களுக்குப் பாதியா?”

“நமக்கு யாரைத் தெரியும், சொல்லு? ஜெராக்ஸ் கடைக்காரரைத் தெரியும். அவர்கிட்ட விக்கலாமா?”

அவள் மெஷினை மிதிக்கப் போனாள்.

விற்றுக் கொடுக்க வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா. வீட்டில் படுக்கையாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தார். எந்தக் கட்டில் நல்லது, எந்த மெத்தை வீண் என்று அவர் சொன்னால் அவர்களுக்கு அதுதான் தீர்ப்பு. தன் வீட்டுக்காரரின் பழைய சட்டையை அளவுக்கு அனுப்பி, ஒரு மாதிரிச் சட்டை தைத்து வாங்கி, அவருக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் எழுதினார். எழுதிய ஆறு வாரத்தில் இருநூறு பேர் வாங்கினார்கள். அண்ணன் காலையில் குளித்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார ஆரம்பித்தார். கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதினார். மத்தியானம் தானாகவே பசிக்கிறது என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தையல்காரி கணக்குப் பார்த்தாள், நினைவில்லை.

ஏழாவது வாரம் முதல் கடிதம் வந்தது. “அக்குளில் இறுக்குகிறது. பணத்தைத் திருப்பித் தரவும்.” மறுநாள் இரண்டு. அந்த வாரக் கடைசியில் பதினாலு.

சந்தைக்கு ஒரு விதி உண்டு. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் பணத்தைத் திரும்பக் கேட்டால் பொருளை எடுத்துவிடுவார்கள். அண்ணனுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. பதினாலு பேருக்கும் தனித்தனியாக எழுதி, கட்டத்தை அளந்தீர்களா என்று கேட்டார். அளந்தோம், சரியாக இரண்டு அங்குலம் என்றார்கள் எல்லோரும். அப்படியானால் பிரிண்ட்டில் பிழை இல்லை. பேட்டர்ன் தங்கை வெட்டியது, அதில் பிழை இருக்க முடியாது. மிச்சம் இருப்பது அட்டவணை. அதைத் தட்டச்சு செய்தது அவர்.

நோட்டை இடது பக்கம் வைத்தார், அட்டவணையை வலது பக்கம் வைத்தார். ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். எல்லா எண்ணும் ஒத்துப்போயிற்று. மறுபடி பார்த்தார். கீழிருந்து மேலாகப் பார்த்தார். நான்கு நாள் அதையே பார்த்தார்.

நர்ஸம்மாவும் போன் செய்தார். “ஏம்மா, நான் வித்தது உங்க சட்டைய மட்டும் இல்ல, என் வாய் வார்த்தையையும் சேத்துத்தான். மூணு வீட்டுல கேட்டுட்டாங்க. என்ன பதில் சொல்லட்டும்?”

“பாத்துட்டுச் சொல்றேன் நர்ஸம்மா” என்று தையல்காரி மென்று விழுங்கினாள்.

ஐந்தாம் நாள் காலை அண்ணன் லேப்டாப்பை மூடிவைத்தார்.

“என் கண்ணுக்கு எல்லாம் சரியாத் தெரியுது. தப்பு இருக்கு, ஆனா என் கண்ணுல படல. அப்படின்னா கை மட்டும் போகல ஊசி, மூளையும் போயிருச்சு. வேற யாரையாவது வச்சுப் பாத்துக்கோ.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பயம் வந்திருக்காது. அவர் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

 மத்தியானம் தையல்காரி, மூலையில் கட்டம் போட்ட முதல் பக்கத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். எல்லாரும் அளந்துவிட்டார்கள், தான் ஒருத்திதான் அந்தக் கட்டத்தை அளக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து வைத்தாள்.

மூன்று அங்குலம் காட்டியது.

‘அட, கட்டமே தப்பு!’ என்று ஒரு நொடி குதூகலம். அடுத்த நொடி டேப்பின் முனையைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

அந்த டேப்புக்கு முனை கிடையாது. எந்தக் காலத்திலோ தகரம் கழன்று, துணி நைந்து, தொல்லை தாங்காமல் ‘ஒன்று’ என்ற கோட்டிலேயே கத்தரியை வைத்து வெட்டிவிட்டிருந்தாள். நல்ல டேப், இழுத்தாலும் நீளாது, தூக்கிப்போட மனம் வரவில்லை. அதன்பின் அது ஒன்றிலிருந்துதான் தொடங்கும். ஆளை அளக்கும்போதும் அதுதான், துணியில் குறிக்கும்போதும் அதுதான். ஆள் முப்பத்தெட்டு இருந்தால் டேப் முப்பத்தொன்பது என்னும். நோட்டில் முப்பத்தொன்பது என்று எழுதுவாள். துணியிலும் அதே டேப்பை வைத்து முப்பத்தொன்பதில் குறிப்பாள். வெட்டினால் முப்பத்தெட்டுதான் வரும். தப்பும் தப்பும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, சட்டை நூல் பிடித்த மாதிரி நிற்கும். இந்த ஒரு கடைக்குள் அது தப்பே இல்லை. வாசலைத் தாண்டி, முழு டேப் வைத்திருக்கும் வீடுகளுக்குப் போனபோதுதான் தப்பாயிற்று. உண்மையிலேயே முப்பத்தொன்பது இருக்கிற ஆள், அட்டவணையைப் பார்த்து முப்பத்தெட்டுக்கான சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு மூச்சு முட்டினார்.

தையல்காரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். செய்ய வேண்டியது கால்மணி நேர வேலை. அட்டவணையில் ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் கழித்து, புதுக் கோப்பைப் பழையதன் இடத்தில் வைத்துவிடலாம். எப்படி வைப்பது என்று அண்ணனே சொல்லிக் கொடுத்திருந்தார். என்ன தப்பு என்று யாருக்கும் தெரியாது. ‘ஏதோ சின்னது, சரி பண்ணிட்டேன்’ என்றால் அண்ணனும் கேட்கமாட்டார். பலகை பாட்டுக்குத் தொங்கும்.

ஆனால் அண்ணன், தன் கண் கோட்டைவிட்ட எதையோ தங்கை பிடித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டு மிச்ச காலத்தையும் சுவரோடு கழிப்பார்.

பலகையை ஒரு தடவை பார்த்தாள். அவமானமாகத்தான் இருந்தது. எழுந்து பின்னறைக்குப் போனாள்.

“அண்ணா, எந்திரி. இதைப் பாரு.”

அவர் திரும்பவில்லை. டேப்பை அவர் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டாள். “முனையைப் பாரு.”

பார்த்தார். சும்மா பார்த்தவர், பிறகு நிஜமாகவே பார்த்தார். இடது கையால் ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“இது ஒண்ணுலேருந்து ஆரம்பிக்குது.”

“ஆமா.”

“நோட்டுல இருக்குறதெல்லாம் இதுல அளந்ததா?”

“ஆமாங்கிறேன். தப்பு என்னோடது. நீ அடிச்சதுல ஒரு புள்ளி கூட மாறல.”

அண்ணன் டேப்பின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. லாட்டரி விழுந்தவன் முகம்கூட அப்படி மலர்ந்திருக்காது.

“காப்பியிலேயே தப்பு!” என்றார். “ஊசி, மூலப் பிரதியே தப்பு! நான் சரியாத்தான் பாத்திருக்கேன்!”

“சரிதான், அதுக்கு ஏன் இப்படிக் கத்துற? தெருவுக்கே கேக்கும்.”

“கேக்கட்டுமே!”

அவர் சிரித்தார். இரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவள் பார்க்கவில்லை. தன் தப்பு வெளிப்பட்டதற்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாங்கிய எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றார் அண்ணன். சொன்னால் இன்னும் பத்துப் பேர் பணம் கேட்பார்கள், விதிப்படி பொருளைத் தூக்கிவிடுவார்கள் என்றாள் அவள். “தூக்கட்டும். துணியை வெட்டாம வச்சிருக்கவங்களாவது தப்பிப்பாங்கல்ல?” என்றார். முதலில் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தாள். நர்ஸம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “இருபத்தாறு வருஷம் ஒண்ணைக் காணோம்னு தெரியாமலே இருந்தீங்களாம்மா?” என்று கேட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கடிதத்தை எனக்கும் அனுப்புங்க. அப்படியே என் பக்கத்துல போடுறேன். என்னைக் கட்டுக்கதை சொல்லச் சொல்லாம உண்மையச் சொன்னீங்களே, அதுவே போதும்” என்றார்.

அண்ணன் ஒற்றை விரலால் எழுதினார்.

“வணக்கம். எங்கள் அளவு அட்டவணையில் ஒவ்வோர் எண்ணும் ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கிறது. தைப்பவரின் டேப்பில் முதல் அங்குலம் இல்லை. அதை அவர் மறந்துவிட்டார். சரியான அட்டவணை இத்துடன் இருக்கிறது. துணி வீணானவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்பது நியாயம். பிரதியைச் சரிபார்த்தவர் மேல் எந்தப் பிழையும் இல்லை.”

“கடைசி வரி அவசியமா?”

“ரொம்ப அவசியம்.”

பதில்கள் வந்தன. பதினோரு பேர் பணம் கேட்டார்கள். நிறையப் பேர் நன்றி என்று மட்டும் எழுதினார்கள். எங்கோ இருந்த ஒரு தையல்காரம்மா, “அட்டவணையை மாத்தாதீங்க, எனக்குக் கச்சிதமா வந்தது. என் டேப்புலயும் முதல் இஞ்ச் கிடையாது” என்று எழுதியிருந்தார். அதைத் தையல்காரி மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மூன்றாம் நாள் சந்தை, பொருளை எடுத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துத் திருத்திய கோப்போடு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி அனுப்பியிருந்தார்கள். அண்ணனை எப்படித் தேற்றுவது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு தையல்காரி பின்னறைக்குப் போனாள். கட்டிலில் அவர் இல்லை. மேஜையில் எட்டு பேட்டர்னையும் பரப்பி, இரும்பு ஸ்கேலால் ஒவ்வொரு கோடாக அளந்துகொண்டிருந்தார்.

“ரெண்டு மாசம் இருக்கு” என்றார் நிமிராமல். “எல்லாத்தையும் முதல்லேருந்து பாக்கணும். இனிமே உன்னை நம்ப முடியாது.”

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கத்தரியைத் தூக்கியிருப்பாள். “சரி, பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் கடை திறந்தபோது பலகை மேஜைமேல் கிடந்தது. “இங்கே தைத்தது” என்ற சொற்களுக்குப் பிறகு, அச்சுத் தாளில் விட்டுப்போனதைச் சேர்க்கப் போடும் கூரை மாதிரியான குறி சிவப்புப் பேனாவில் இருந்தது. அதற்கு மேலே இடது கையின் கோணல் எழுத்தில், “ஒரே ஒரு தடவை தவிர.”

“அண்ணா, துணி எங்க திரும்பி வந்துச்சு? பேப்பர்தான வந்துச்சு?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“தப்புன்னா தப்புதான். மாட்டு அதை.”

மாட்டினாள். அளவு கொடுக்க வந்தவர்கள் யாராவது அந்தச் சிவப்பு எழுத்து என்ன என்று கேட்டால், எங்கண்ணன் எழுதினது என்று சொல்லிவிட்டு, புது டேப்பை முனையிலிருந்து பிடித்து அளவெடுக்கத் தொடங்குவாள்.