சின்னவள் பேரில் ஒரு மீட்டர்

மின்விசிறி மூன்று சுற்றுகூடச் சுற்றியிருக்காது. அதற்குள் கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்துவிட்டது.

"யாரு அங்க ஃபேன் போட்டது? மீட்டர் ஓடுது பாரு."

சின்னவள் அப்போதுதான் மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தன் அறைக்கு வந்து சுவரில் முதுகைச் சாய்த்திருந்தாள். அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வீட்டின் உடைசல்களைப் போட்டு வைத்திருந்த இடம் அது. அவள் கணவன் இறந்த மூன்றாம் மாதம் உடைசல்களை ஒரு பக்கம் ஒதுக்கி, மறு பக்கம் அவளை ஒதுக்கினார்கள். ஒரு விசிறியும் ஒரு பல்பும் கொடுத்திருந்தார்கள்.

"இப்பதான் போட்டேன் அத்தை."

"போட்டது போதும், ஆஃப் பண்ணு. எதையும் அளவா போடணும். கரண்டு என்ன சும்மாவா வருது?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் கரண்டு சும்மாதான் வந்துகொண்டிருந்தது. மாமியார் கூடத்தில் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, கழுத்து வரை போர்வையை இழுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனின் அண்ணன் மச்சாண்டார் அறையில் இன்னொரு ஏசி. ஆளே இல்லாவிட்டாலும் அது ஓடும், அறை சூடாகிவிடக் கூடாதாம். வெந்நீர்க் கருவி, பிரிட்ஜ், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் என்று எது ஓடினாலும் மீட்டரின் சிவப்புப் புள்ளி கண் சிமிட்டாது. தெருக் கம்பத்திலிருந்து வரும் வயர் மீட்டருக்குள் நுழைவதற்கு ஒரு சாண் முன்னாலேயே, மறைப்புக்கு மாட்டிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இன்னொரு வயர் கிளம்பி வீடு முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் மச்சாண்டாரின் ஏற்பாடு. டைல்ஸ் கடைக்காரர், தெருச் சங்கத்துக்குத் தலைவர். பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தால் நாட்டின் சொத்து வீணாகிறதே என்று மைக் பிடித்து வருத்தப்படுவார். வயர் போட வந்தவனுக்கு ஊரில் 'ஷாக்' என்று பெயர். வேலை தெரிந்தவன். முடித்துவிட்டு ஒரு புத்தி சொன்னான்.

"அண்ணே, மீட்டர் சுத்தமா நின்னுட்டா மாட்டிக்குவீங்க. பேருக்கு ஒரு ரூமாவது அதுல ஓடட்டும்."

எந்த அறை என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. "சின்னவ ரூம் ஓடட்டும்" என்றார் மச்சாண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டின் நாணயம் முழுவதையும் ஒரு விசிறியும் ஒரு பல்பும் தாங்கி வந்தன.

கொஞ்ச நாளில் எதற்காக அப்படி வைத்தோம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. திருடின கரண்டு யார் கண்ணையும் உறுத்தவில்லை, காசு கட்டுகிற கரண்டு மட்டும் உறுத்தியது. பில் வந்தால் மச்சாண்டாரின் மனைவியான ஓரகத்தி அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "உன் பில்லு வந்திருக்கு" என்பாள். மாமியார் கூடத்தில் படுத்தபடியே மீட்டரைக் காவல் காத்தாள். சிவப்புப் புள்ளி சிமிட்டினால் சின்னவள் விசிறி போட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். வீட்டுப் பத்திரம் மச்சாண்டார் பேரில் இருந்தது. கடையும் அவர் பேரில், கார் ஓரகத்தி பேரில். மின் இணைப்பு மட்டும் இறந்துபோன தம்பி பேரில் இருந்தது. துக்கத்துக்கு வந்த உறவுக்காரர்களைக் கூடத்தில் உட்காரவைத்து, மச்சாண்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி போனா என்ன, அவன் பொண்டாட்டிக்கு இந்த வீட்டுல உரிமை இல்லாம போயிடுமா? கரண்டு கனெக்‌ஷன் அவ பேருக்கே மாறட்டும்." எல்லோரும் உருகிப்போனார்கள். சின்னவளும் நம்பினாள் என்பதுதான் வயிற்றெரிச்சல். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளை உடைசல் அறைக்கு மாற்றிய அடுத்த வாரம் ஷாக் ஏணியோடு வந்தான்.

"சரி அத்தை" என்று சொல்லிவிட்டு அவள் விசிறியை நிறுத்தினாள். பழைய காலண்டரின் அட்டையைக் கிழித்து எடுத்து வீசிக்கொண்டாள். மறுநாளும் விசிறி போடவில்லை, அதற்கு மறுநாளும் போடவில்லை. இருட்டியதும் பல்பைக்கூடப் போடாமல் படுத்துவிட்டாள். "இப்பதான் புத்தி வந்திருக்கு" என்று மாமியார் மெச்சிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுக்கிற பெண் வந்தாள். கையிலிருந்த கருவியை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, சைபர் காட்டுது? ஆளுங்க இருக்கீங்கல்ல?"

"இருக்கோமே. ரொம்பச் சிக்கனமா இருக்கோம்."

"பூட்டின வீட்டுக்குத்தான்க்கா இப்படி வரும். இன்னொரு தடவை சைபர் வந்தா மெஷினே மேல சொல்லிடும், ஆளுங்க வந்து நிப்பாங்க."

"அப்படியா" என்றாள் சின்னவள். அடுத்த இரண்டு மாதமும் காலண்டர் அட்டைதான். வேண்டுமென்றா செய்தாள் என்று கேட்டால், பெரியவர்கள் சொல் கேட்டு நடந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாலாவது மாத முடிவில் ஒரு காலை பதினொரு மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. கழுத்தில் கைக்குட்டை சுற்றிய ஓர் அதிகாரியும் இரண்டு லைன்மேன்களும் இறங்கினார்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் அதிகாரி ஒரு நிமிடம் கண்ணை மூடி அந்தக் குளிரை அனுபவித்தார்.

"ஆளில்லாத வீடுன்னு நெனச்சோம். நல்லா ஜில்லுனு இருக்கே."

மச்சாண்டார் டீ கொண்டுவரச் சொன்னார். அதிகாரி டீயை வாங்கிக்கொண்டு, மீட்டரைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்தார், தலை வாரிக்கொள்வதுபோல அதை ஒரு பக்கம் நகர்த்தினார். வயர் தெரிந்தது.

"சர்வீஸ் யார் பேர்ல?"

மச்சாண்டாரின் குரல் உடனே துக்கத்துக்கு மாறிவிட்டது. "என் தம்பி சம்சாரம் பேர்ல சார். இதுல நாங்க தலையிடறதே இல்ல. பாவம், புருஷன் இல்லாதவ, தெரியாம ஏதோ பண்ணிட்டா."

"ஆமாப்பா, அவ மீட்டருதான்" என்றாள் மாமியார் போர்வைக்குள்ளிருந்து.

சமையலறை வாசலில் நின்றிருந்த சின்னவள் பயந்துபோனாள். ஆள் வருவார்கள் என்று தெரியும். தன்னையே திருடியாக்கிக் கைகாட்டுவார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மச்சாண்டார் அவளருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒத்துக்கோம்மா, நான் பாத்துக்கறேன். ஜெயிலுக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க."

"அனுப்பிட்டா?"

"அனுப்பினாத்தான் உனக்கு என்ன? குழந்தையா குட்டியா?"

அந்த வார்த்தையில் அவளுடைய பயம் போய்விட்டது. கோபம்தான் மிஞ்சியது. தன் அறைக்குப் போய் நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக விசிறியைப் போட்டாள். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு அதிகாரியிடம் வந்தாள்.

"சார், மீட்டர்லேர்ந்து வர்ற மெயின் சுவிட்ச் இதுதானே? இத ஒருதடவை ஆஃப் பண்ணிட்டு, எது எது நிக்குதுன்னு பாருங்க."

அதிகாரி சுவிட்சைக் கீழே இழுத்தார். திறந்த கதவு வழியாகச் சின்னவளின் விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. வேறு எதுவும் நிற்கவில்லை. ஏசி பதினெட்டிலேயே ஓடியது. பிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் ஒரு மருமகள் விடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னோடது அவ்வளவுதான் சார். மத்ததெல்லாம் யாரோடதுன்னு அவங்களக் கேளுங்க."

லைன்மேன் ஒருவன் சிரித்தேவிட்டான். அதிகாரி படிவத்தை எடுத்து, 'உபயோகித்தவர்' என்ற இடத்தில் மச்சாண்டாரின் பேரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"இருந்தாலும் நோட்டீஸ் உங்களுக்கும் ஒண்ணு வரும்மா. கனெக்‌ஷன் உங்களோடதாச்சே. நேர்ல வந்து இதையே சொல்லிடுங்க."

"வந்து சொல்றேன். என் கனெக்‌ஷன் எனக்கு வேணாம்னு இப்பவே எழுதிக் குடுத்தா?"

"நீங்க குடுத்தாத்தான் செல்லும். வேற யாரு குடுத்தாலும் செல்லாது."

"சின்னவளே" என்று மாமியார் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தாள். "மெதுவா பேசிக்கலாம்" என்றார் மச்சாண்டார். சின்னவள் ஒரு தாள் வாங்கி எழுதினாள். போன தடவை படிக்காமல் போட்ட கையெழுத்து. இந்தத் தடவை இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டாள்.

லைன்மேன் கம்பத்தில் ஏறி வயரைக் கழற்றினான். ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அழுதுகொண்டிருந்த மருமகளும் ஒருவழியாக நிறுத்தினாள்.

"புதுசா ஒரு கனெக்‌ஷன் வாங்கிடலாமில்ல சார்?" என்று கேட்டார் மச்சாண்டார்.

"இந்த அபராதம் தீர்ந்ததும் தாராளமா வாங்கலாம். வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான் சார்" என்றார் மச்சாண்டார், முதல்முறையாகப் பெருமை இல்லாமல்.

ஜீப் போன பிறகு வெயில் ஏறியது. குளிரிலேயே இருந்து பழகிய கூடம் ஒரு மணி நேரத்தில் அடுப்பங்கரையாகிவிட்டது. சின்னவள் தன் அறைச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, காலண்டர் அட்டையை வீசிக்கொண்டிருந்தாள். நாலு மாதப் பழக்கம், கை வலிக்கவில்லை. வாசலில் ஓரகத்தி வந்து நின்றாள். நெற்றியிலிருந்து கழுத்து வரை வேர்த்து வழிந்தது.

"அந்த அட்டையக் கொஞ்சம் குடேன். அத்தைக்கு மூச்சு முட்டுதாம்."

சின்னவள் எழுந்து வந்து அதைக் கொடுத்தாள்.

"கொண்டு போங்கக்கா" என்றாள். "அளவா வீசச் சொல்லுங்க."