பர்மாக்காரி மகன்

1936ஆம் ஆண்டு ஆடி மாதம் தென்காசி பஞ்சாயத்து போர்டுத் தேர்தலில் நின்றபோது துல்கர்னைனுக்கு வயது இருபத்தாறு. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவனைப் பிடித்து நிறுத்தியவர்கள் தெருவிலிருந்த நெசவாளிகள். தள்ளிவிட்டவள் உம்மா அலிமா.

வாப்பா சேக் மைதீன் இளவயதில் ரங்கூனுக்குப் போய்க் கைலி வியாபாரம் பார்த்தவர். அங்கே அலிமா என்ற பர்மியப் பெண்ணை நிக்காஹ் செய்து, கைக்குழந்தை துல்கர்னைனோடு ஊருக்குக் கூட்டி வந்தார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அலிமா அசரவில்லை. அடுத்த ஆடிக்குள் கிணற்றடியில் தென்காசித் தமிழில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

எதிர்த்து நின்ற சுந்தரபாண்டியனுக்கு வயல், தோப்பு, வில்வண்டி என்று எல்லாம் இருந்தன. குரலும் இருந்தது. சந்தைத் திடலில் அவர் போட்ட கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போன துல்கர்னைன், உம்மாவோடு கடைசியில் ஒதுங்கி நின்றான்.

"அவன் யாருங்கேன்? பர்மாக்காரி மகன்! நாளைக்கே கப்பலேறிப் போயிருவான். வந்தேறிக்கா ஓட்டுப் போடப் போறீக?" என்று முழங்கினார் சுந்தரபாண்டியன்.

துல்கர்னைனுக்குக் காது சுட்டது. மெல்ல நழுவப் பார்த்தான். அலிமா அவன் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

"எங்கலே ஓடுத? அவுக பாட்டன் எங்கன இருந்து வந்தாருன்னு போய்க் கேளு!"

தள்ளிய வேகத்தில் அவன் கூட்டத்தின் நடுவில் போய் விழாத குறையாக நின்றான். அத்தனை தலையும் திரும்பியது. வேறு எதுவும் வாயில் வரவில்லை. உம்மா சொன்னதுதான் வந்தது.

"அண்ணாச்சி, உங்க பாட்டனாரு எங்கன இருந்து வந்தாரு?"

சுந்தரபாண்டியன் பதில் சொல்லுமுன் அவருடைய வண்டிக்காரன் மாடன், முதலாளிக்கு உதவுவதாக நினைத்து எழுந்தான்.

"இலத்தூர்ல இருந்து வீட்டோட மாப்பிள்ளையா வந்தாரு! ஊருக்கே தெரியுமே!"

திடல் வெடித்துச் சிரித்தது. அதற்குமேல் யாரையும் அடக்க முடியவில்லை.

"எங்க தாத்தா புனலூர்ல இருந்து கணவாய் தாண்டி வந்தவரு!"

"நாங்க ராமநாதபுரத்துப் பக்கம்!"

"எம் மாமியா ஆலங்குளத்துக்காரி. வந்தவ இன்னும் போக மாட்டேங்கா!"

"இந்தச் சாரலே மலையாளத்துல இருந்துல்லா வருது? அதையும் திருப்பி அனுப்புவமா?"

சுந்தரபாண்டியன் சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. அவரும் வயிறு குலுங்கச் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவே துல்கர்னைனுக்கு நாக்கு அவிழ்ந்தது. சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று பேச ஆரம்பித்தவனை நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது.

தேர்தலில் ஜெயித்துவிட்டான். மறுநாள் தெருவே வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் புறப்பட்டது. மெயினருவியில் மாலையும் சட்டையுமாக அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். பெண்கள் பக்கத்தில் அலிமா, தலை துவட்டக்கூட நேரமில்லாமல், கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து, "அந்தா நனையுதாம்லா, அவன்தான் மெம்பரு!" என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் வழியும் உடம்போடு ஒருவர் இடித்துக்கொண்டு அருவிக்குள் நுழைந்தார். சுந்தரபாண்டியன்.

"மெம்பரே! எங்க தெருவுக்கு விளக்கு எப்பம் வரும்?"

"என்னது அண்ணாச்சி?"

"விளக்குலே, விளக்கு!"

தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. துல்கர்னைன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.