கூட்டிவிட்டுச் சோதிப்பவர்

தென்கொரியாவின் பாங்யோவில் இருந்த அந்தக் கணினி விளையாட்டு நிறுவனத்தில், அணித்தலைவர் பியோ கிபொம் எழுதிய நிரலை யாரும் படிப்பதில்லை. பாராட்டாக ஒரு வரி போட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்துவார்கள். அதற்குப் பெயர் பரிசீலனை. ஓக் ஹேரின் படித்தாள். அதுவும், தகுதிகாண் காலம் முடிந்து அவளுக்கு நிரந்தர வேலை உண்டா இல்லையா என்று பியோ முடிவு செய்யவிருந்த வாரத்தில்.

அவள் படித்த நிரல், விளையாட்டுக்குள் ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாகத்தை அடிக்கும் விழாவுக்கானது. விழும் அடிகளையெல்லாம் ஒரே எண்ணில் கூட்ட வேண்டும். அந்த எண் இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம்தான் தாங்கும். தாண்டினால் கழித்தல் குறியோடு அதலபாதாளத்துக்குப் போய்விடும். பியோ முதலில் கூட்டினார். பிறகு தொகை குறைந்துவிட்டதா என்று பார்த்தார். குவளையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டுகிற புத்திசாலித்தனம்.

"கூட்டுறதுக்கு முன்னாடியே இடம் இருக்கான்னு பாக்கணும் லீடர்," என்றாள் ஹேரின். "இல்லேன்னா உச்சத்துலயே நிறுத்திடணும். கூட்டினா தொகை குறையவே குறையாதுன்னு கம்பைலர் நம்பிடும். வெளியீட்டுக்குத் தயாரிக்கறப்போ உங்க சோதனையையே வெட்டி எறிஞ்சிடும்." நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர்; வீண் என்று பட்டதை அது விட்டுவைக்காது.

"என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது? கம்பைலரோட உனக்கு எத்தனை நாள் பழக்கம்?"

பக்கத்து இருக்கை மேங், காபியை உறிஞ்சியபடியே ஒப்புதல் தந்தான்.

விழாவில், அடிகளின் தொகை எல்லை தாண்டிக் கழித்தலுக்குப் போனதும், சாகக் கிடந்த நாகம் சட்டென்று முழு உயிரோடு எழுந்து நின்றது. மறுநாளே ஆட்டக்காரர்கள் காசு சேர்த்து அனுப்பிய, கண்டன வாசகம் ஓடும் மின்திரை லாரி அலுவலக வாசலில் ஓடியது: 'நாகத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் யார்?' நேரலையில் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டிய இயக்குநர் அதே கேள்வியை உள்ளேயும் கேட்டார்.

பியோ ஹேரினைத் தனியே அழைத்தார். பரிசீலனையில் தான் கவனிக்கத் தவறியதாக அவள் எழுதித் தர வேண்டுமாம். புதியவர்களை எல்லோரும் மன்னித்துவிடுவார்களாம். நிரந்தர வேலையும் நினைவில் இருக்கட்டுமாம்.

"திருத்தத்தை எழுதித் தரேன் லீடர். பழியை எழுதித் தரமாட்டேன்."

இரண்டே வரியில் திருத்தினாள். நாகம் ஒழுங்காகச் செத்தது.

மதிப்பீடு வந்தது. திறமை: மிக நன்று. அணியோடு இணக்கம்: போதாது. நிரந்தரம் இல்லை.

ஹேரின் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். பியோவின் மற்ற நிரல்களில் அதே மாதிரிக் கூட்டல்கள் இன்னும் நிறைய இருந்தன. எங்கெங்கே என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.